வெளிநாட்டில் இருந்து திரும்பி ஓசூர் சிப்காட் பக்கம் குடியேறுவது: இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

#1 கல்லுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். கிரானைட் குவாரி வேலை. பர்கூர், ஜெகதேவி பக்கம் தொழில் கற்றுக்கொண்டு கிளம்பியவன் ஓமன், ஜிம்பாப்வே, கடைசியாக அங்கோலா என்று சுற்றிவிட்டு இப்போது மொத்தமாகத் திரும்பியிருக்கிறேன். மனைவியும் மகளும் நடுவில் சில வருடம் மஸ்கட்டில் கூட இருந்தார்கள். மகள் ஐந்தாம் வகுப்பு போகிறாள்.

ஓசூரில் ஒரு கல் பாலிஷ் யூனிட்டில் வேலை கிடைத்திருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையின் பின்பக்கம் ஒரு தெருவில் வீடு பார்த்தோம். மூன்று மாடிக் கட்டிடம், நடு மாடி எங்களுக்கு. கீழே ஒடிசா குடும்பம், மேலே பீகார் குடும்பம். எதிரே வரிசையாக ஒற்றை அறைகள் கட்டி விட்டிருக்கும் லைன் வீடுகளில் ஜார்க்கண்ட், அசாம் பையன்கள். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள். தெருமுனையில் மலையாளி பேக்கரி, அதற்கு எதிரே உருது பேசும் பாய் நடத்தும் மட்டன் கடை. வீடு எனக்கும் மனைவிக்கும் பிடித்துவிட்டது.

மாமனாருக்குத்தான் பிடிக்கவில்லை. "உலகமெல்லாம் சுத்திட்டு வந்து கடைசில இவங்க நடுவுலயா குடும்பம் நடத்தப் போற?" என்கிறார். ஊரிலேயே வீட்டைக் கட்டு, இல்லையென்றால் பாகலூர் ரோட்டில் கேட் போட்ட வில்லா ஒன்றைப் பார் என்று தினமும் போன் வருகிறது.

தண்ணீர், பள்ளி, அட்வான்ஸ், பெண் பிள்ளையின் பாதுகாப்பு, இந்த நான்கும்தான் எனக்குத் தெரிய வேண்டும். ஒற்றுமை பற்றிய வசனமும் வேண்டாம், பயமுறுத்தலும் வேண்டாம்.

#2 தளிரோட்டுக்காரி

அண்ணா, தண்ணீரை முதலில் எழுதினீர்களே, நீங்கள் பிழைத்துக்கொள்வீர்கள்.

வீட்டுக்காரரிடம் இதை மட்டும் கேளுங்கள். ஒகேனக்கல் தண்ணீர் சம்புக்கு (தரைக்கு அடியில் இருக்கும் தொட்டிக்கு) வருகிறதா, வெறும் போர் தண்ணீரா? எத்தனை வீட்டுக்கு ஒரு சம்ப்? மோட்டார் சாவி யார் கையில்? முகம் பார்த்து, மொழி பார்த்து வீடு எடுத்தவர்கள் எல்லாம் ஆறு மாதத்தில் காலி செய்துவிட்டார்கள். சம்பைப் பார்த்து எடுத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

#3 ராயக்கோட்டை ரங்கன்

வில்லா எல்லாம் வேண்டாம் பாஸ். இங்கிருந்து சொந்தக்காரர் ஒருத்தர் போனார். மெயின்டனன்ஸ் கட்டியே தேய்ந்துபோனார். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே அவருக்குத் தெரியாது.

#4 சூடேஸ்வரர்மலை

நான் ஓசூரிலேயே பிறந்து வளர்ந்தவன், வீட்டில் தெலுங்கு. கல்லுக்காரன் அண்ணாவின் மாமனார் "இவங்க" என்று ஒதுக்கிப் பேசுவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. என் தாத்தா கணக்கில் 1980க்குப் பிறகு வந்த எல்லோருமே வந்தவர்கள்தான். மதுரைக்காரர், திருநெல்வேலிக்காரர், கல்லுக்காரன் அண்ணா உட்பட.

எழுபதுகளில் சிப்காட் வருவதற்கு முன்னால் இது குதிரை, மாடு, ராகி, ரோஜா இருந்த ஊர். மத்திகிரி கால்நடைப் பண்ணை வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது. 1980ல் லாரி கம்பெனி, மொபெட் கம்பெனி, பிறகு வாட்ச் கம்பெனி என்று வரிசையாக வந்தன. அப்போது தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் இருந்து டிப்ளமா முடித்த பையன்கள் கூட்டம் கூட்டமாக இறங்கினார்கள். எங்கள் வீட்டு மாடியிலும் நான்கு பேர் இருந்தார்கள். பாட்டிக்குத் தமிழ் அரைகுறை, அவர்களுக்குத் தெலுங்கு சுத்தமாகத் தெரியாது. "இவனுங்க என்ன பேசறானுங்கன்னே புரியல, ராத்திரி பன்னெண்டு மணிக்குச் சமைக்கிறானுங்க" என்று அன்றைக்குப் பாட்டி சொன்னதைத்தான் இன்றைக்கு லைன் வீட்டு ஓனர்கள் ஒடியா பையன்களைப் பற்றிச் சொல்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் பன்னிரண்டு மணிக்குத்தான் சமைப்பான், வேறு எப்போது சமைப்பான்?

அந்த நான்கு பேரில் இரண்டு பேர் இங்கேயே மனை வாங்கி, வீடு கட்டி, இப்போது பேரன் எடுத்துவிட்டார்கள். தேர்த் திருவிழாவுக்கு எங்களுக்கு முன்னால் கயிறு பிடிக்க நிற்கிறார்கள்.

பாகலூர், பேரிகை பக்கம் தெலுங்கு. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் கன்னடம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உருது. சந்தையில் ஒரே ஆள் மூன்று மொழியில் பேரம் பேசுவான். இதெல்லாம் இங்கே யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம் இல்லை. வியாபாரம் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

#5 பாலக்கோட்டான்

#4 அண்ணா சொன்னது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். அன்றைக்கு வந்த டிப்ளமா பையனுக்குப் பர்மனென்ட் வேலை கிடைத்தது, மனை வாங்கினான். இன்றைக்கு வருகிறவன் கான்ட்ராக்டில் வருகிறான். மனை எங்கே வாங்குவது? நானும் ஐடிஐ முடித்து அதே கேட்டில் நின்றேன். "லோக்கல் பையன்னா பொங்கலுக்கு லீவு கேப்பான், ஏதாவது ஆச்சுன்னா ஊரையே கூட்டிட்டு வருவான்" என்று கான்ட்ராக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். இப்போது பெங்களூரு பொம்மசந்திராவில் வேலை பார்க்கிறேன். அங்கே நான் வந்தவன்.

எனக்கு அந்தப் பையன்கள் மேல் கோபம் இல்லை. ஒற்றுமையாக இருக்கிறோம் என்று கட்டுரை எழுதுகிறவர்கள் மேல் கொஞ்சம் இருக்கிறது.

#6 பழைய எச்ஆர்

பாலக்கோடு தம்பி சொன்ன கான்ட்ராக்டரை எனக்கும் தெரியும், பெயர்தான் வேறு வேறு. ஒரு தொழிற்சாலையில் ரொம்ப வருடம் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தேன். லோக்கல் ஆள் வேண்டாம் என்று எழுத்தில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஹாஸ்டலில் தங்கும் ஆள் வேண்டும் என்பார்கள். ஹாஸ்டலில் தங்குகிறவன் பண்டிகைக்கு வீட்டுக்குப் போக முடியாது, ஓவர்டைமுக்கு மறுக்க மாட்டான். விஷயம் அவ்வளவுதான்.

இப்போது எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் வந்த பிறகு ஜார்க்கண்ட், ஒடிசா, வடகிழக்கு என்று எல்லாப் பக்கத்தில் இருந்தும் பெண் பிள்ளைகள் வருகிறார்கள். பத்தொன்பது இருபது வயது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய்ப் பாருங்கள், முகமே மாறிவிட்டது. கல்லுக்காரன் சார் பெண் பிள்ளை பாதுகாப்பு கேட்டிருந்தார். இத்தனை பெண்கள் ராத்திரி ஷிஃப்ட் பஸ்ஸில் இறங்கி நடக்கும் தெருக்களில் கடைகள் திறந்திருக்கின்றன, ஆள் நடமாட்டம் இருக்கிறது. பயப்பட வேண்டியது சைட் போட்டு விற்காமல் கிடக்கும் இருட்டு லேஅவுட்டுகளுக்கு.

#7 லைன்வீடு ஓனர்

எல்லோரும் ஓனர்களைத் திட்டுகிறீர்கள். என்னிடம் எட்டு லைன் வீடு இருக்கிறது. ஒரு அறைக்கு மூன்று பேர் என்று பேசி எடுப்பார்கள், ராத்திரி எண்ணினால் ஏழு பேர் இருப்பார்கள். ஷிஃப்ட் மாறிப் படுக்கிறார்கள். கழிவறை நிறைகிறது, சம்ப் காலியாகிறது. டேங்கர் லாரிக்குக் காசு கொடுப்பது நான். ஆதார் நகல் வாங்கி ஸ்டேஷனில் கொடுக்கப் போனால் பாதிப் பேர் அதற்குள் வேறு கம்பெனிக்கு மாறிவிடுகிறார்கள். இதைக் கேட்டால் நான் இனவாதியா?

ஆனால் வாடகை பாக்கி வைத்துவிட்டு ஓடியவன் ஒருத்தன் கூட இல்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

#8 கல்லுக்காரன்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. லைன்வீடு ஓனர் அண்ணன் சொன்ன ஷிஃப்ட் படுக்கை எனக்குப் புதிது இல்லை. ஓமனில் கேம்ப்பில் நாங்களும் அப்படித்தான். நான் எழுந்த கட்டிலில் சூடு ஆறுவதற்குள் பங்களாதேஷ்காரர் படுப்பார். அவர் தலையணையை மட்டும் கையோடு எடுத்துப் போவார், நானும் அப்படியே. கேம்ப்பில் சண்டை என்றால் ஒன்று பாத்ரூம் வரிசைக்காக, இல்லையென்றால் மெஸ்ஸில் மீன் தீர்ந்துபோனதற்காக. மதம், மொழி என்று யாரும் அடித்துக்கொண்டு நான் பார்க்கவில்லை. அதற்குத் தெம்பு இருக்காது.

ஜிம்பாப்வேயில் முட்டோக்கோ பக்கம் கறுப்புக் கல் குவாரி. அங்கே சாட்ஸா என்று சோள மாவில் கிண்டுவார்கள், நம் களி மாதிரியே. உருண்டை பிடித்து, குழி பண்ணி, கீரையை அள்ளி வாயில் போடுவது வரைக்கும் அதே. முதல் நாள் நான் சாப்பிட்ட விதத்தைப் பார்த்துவிட்டு, இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று அந்த ஊர் ஆட்கள் கேட்டார்கள்.

ஊருக்குத் திரும்பியபோது ஒரு விஷயம் இடித்தது. சொந்தக்காரர்கள் நடுவில் உட்கார்ந்தால் பேச்செல்லாம் யார் எவ்வளவு சேர்த்தான், எங்கே மனை வாங்கினான் என்பதாகவே இருக்கிறது. போனவன் போன அன்றைக்கு எப்படி இருந்தானோ அப்படியே திரும்பி வர வேண்டும், கையில் பணம் மட்டும் கூட இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். இந்தத் தெருவில் யாருக்கும் என் கணக்கு தெரியாது. அது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது. மாமனாரிடம் இதை எப்படிச் சொல்வது?

#9 தளிரோட்டுக்காரி

மாமனாரிடம் சொல்லவே சொல்லாதீர்கள். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

#10 கோர்ட்டு வாசல்

அட்வான்ஸ் பற்றி யாருமே எழுதவில்லை. பெங்களூரு பழக்கம் ஓசூருக்கும் தொற்றிவிட்டது, பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, தனியாக வேறு உடன்பாடு செய்துகொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. அந்த "வேறு உடன்பாடு" என்ற ஓட்டை வழியாகத்தான் பத்து மாதம் நுழைகிறது. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த வரியைப் படியுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். வாடகைத் தகராறு வந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ ஓனர் நிறுத்த முடியாது, அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கரண்ட் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரே இணைப்பில் இருந்து சப் மீட்டர் போட்டு நான்கு வீட்டுக்குப் பிரித்தால் அந்தச் சலுகை வாடகைக்காரர் கைக்கு வருவதே இல்லை. உங்கள் மாடிக்குத் தனி இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டுக் காசு கையில் இருப்பது தெரிந்தால் போக்கியத்துக்கு இழுப்பார்கள். மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் வாடகையே வேண்டாம், காலி செய்யும்போது முழுத் தொகையும் திரும்ப வரும் என்பார்கள். பத்திரப் பதிவு இல்லாத போக்கியத்தைக் கையால் தொடாதீர்கள். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்த பிறகு பேசுங்கள்.

#11 சாக்பீஸ்

அரசுப் பள்ளி ஆசிரியை. ஓசூர் ஒன்றியம். பள்ளி பற்றிக் கேட்டிருந்ததால் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் பாதிக்கும் குறைவு. ஓசூர் பக்கம் தெலுங்கு, கன்னடம், உருது வழிப் பள்ளிகளும் இருப்பதால் ஆசிரியர்களுக்கு இது பழகியதுதான். தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டம் வந்தபோது இங்கேதான் அதிகம் பேச்சு நடந்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் தமிழ்த் தாள் எழுத வேண்டுமா என்பது நீதிமன்றம் வரை போனது, அவர்களுக்கு விலக்கும் கிடைத்து வந்தது. இந்தி, ஒடியா பேசும் பிள்ளைகள் வர ஆரம்பித்த பிறகு "தமிழ் மொழி கற்போம்" என்ற திட்டத்தையும் அரசு தொடங்கியிருக்கிறது. நல்ல திட்டம். எங்கள் சிக்கல் வேறு. அப்பா கம்பெனி மாறினால் பிள்ளை நடு வருடத்தில் காணாமல் போய்விடுகிறது. டிசி கூட வாங்க மாட்டார்கள். மூன்று மாதம் கழித்து சூளகிரியில் வேறொரு பள்ளியில் இருப்பதாகத் தகவல் வரும்.

உங்கள் மகளுக்கு ஒன்று சொல்கிறேன் சார். மஸ்கட்டில் படித்த பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அவளைக் கூச்சப்படுத்தாமல் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் வகுப்பில் இப்படி வந்த ஒரு பெண்ணும் ஜார்க்கண்ட் பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து "ழ" எழுதிப் பழகினார்கள். அவன்தான் முதலில் தேறினான்.

#12 அத்திப்பள்ளி டோல்

யாருக்காவது 1991 ஞாபகம் இருக்கிறதா? டிசம்பர், காவிரிக் கலவரம். பெங்களூருவில் இருந்து நம் ஆட்கள் சட்டி பானையோடு அத்திப்பள்ளி தாண்டி வந்தார்கள். அப்போது நான் சின்னப் பையன். ஓசூர் வீடுகளில் திண்ணை எல்லாம் ஆட்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இருந்து கட்டிட வேலைக்குப் போனவர்கள்தான் அதில் நிறைய. ஒரு வாரம், பத்து நாள் கழித்து அதே பஸ்ஸில் வேலைக்குத் திரும்பிப் போனார்கள். போகாமல் என்ன செய்வது?

2023 மார்ச்சில் வாட்ஸ்அப்பில் பொய் வீடியோ சுற்றியபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. பீகார்க்காரர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று எங்கெங்கோ நடந்ததை எல்லாம் ஒட்டி அனுப்பினார்கள். அந்தச் சமயம் ஹோலிக்கு ஊருக்குப் போகிறவர்கள் ரயிலில் ஏறியதையே ஓடிப்போகிறார்கள் என்று காட்டினார்கள். பீகாரில் இருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது, தமிழ்நாடு போலீஸ் வழக்குப் போட்டது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் நாலு பையன்கள். நாலு பேர் வீட்டில் இருந்தும் அம்மாக்கள் அழுதுகொண்டே போன். ஒருத்தன் வீடியோ காலில் என்னைக் காட்டி, "இவர்தான் முதலாளி, நல்லா இருக்கேன்" என்று சொன்னான். எனக்கு இந்தி வராது. கையை ஆட்டினேன். அந்த அம்மா என்னைப் பார்த்து இன்னும் அழுதார்கள். என் மூஞ்சி அப்படி.

#13 ராயக்கோட்டை ரங்கன்

டோல் அண்ணா 😂

#14 பாலக்கோட்டான்

பெங்களூருவில் எனக்கும் ரூம் கிடைக்க ஒரு மாதம் ஆனது. "தமிழா?" என்று கேட்டுவிட்டுக் கதவை மூடினார் ஒருத்தர். அடுத்த வீட்டில் அதே கேள்வி, ஆனால் அந்த அம்மாவே கிருஷ்ணகிரிக்காரர். இப்போது பொம்மசந்திராவுக்கு மெட்ரோ வந்துவிட்டதால் ஓசூரிலேயே தங்கி தினமும் போய் வரலாமா என்று பார்க்கிறேன். வாடகைதான் இடிக்கிறது. மெட்ரோ ஓசூர் வரை வரும், விமான நிலையம் வரும் என்று பேச்சு கிளம்பும்போதெல்லாம் வாடகை ஏறுகிறது. இன்னும் ஒரு தூண் கூட நடவில்லை.

#15 கல்லுக்காரன்

ரொம்ப நாள் இந்தப் பக்கம் வரவில்லை. அந்த வீட்டையே எடுத்துவிட்டோம். அட்வான்ஸை ஐந்து மாதத்துக்கு இறக்கினேன். கோர்ட்டு வாசல் சாருக்கு நன்றி, அந்த வரியை விரல் வைத்துக் காட்டியதும் ஓனர் முகம் மாறியது. எங்கள் மாடிக்குத் தனி மீட்டர் இருக்கிறது.

இங்கே நான் பார்த்ததை எழுதுகிறேன்.

தண்ணீர்தான் எல்லாம். தளிரோட்டுக்காரித் தங்கை சொன்னது அப்படியே உண்மை. எங்கள் கட்டிடத்துக்கும் எதிர் லைன் வீட்டுக்கும் ஒரே ஓனர், ஒரே சம்ப். ஒகேனக்கல் தண்ணீர் வந்தால் குடிக்க, சமைக்க. மற்றதுக்கு போர். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்கும் கதை தெரியும்தானே? என் தலைமுறை ஆட்கள் பல்லைக் காட்டினாலே எந்த ஊர் என்று சொல்லிவிடலாம், பழுப்புக் கறை. அதற்காகத்தானே ஜப்பான் கடன் வாங்கி 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். கீழ் வீட்டு ஒடியா அம்மாவுக்கு இது தெரியாது. இரண்டு குழாயிலும் ஒரே தண்ணீர் என்று நினைத்து போர் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி தன் பல்லைக் காட்டி விளக்கினாள். மஸ்கட்டில் கற்ற அரைகுறை இந்தி உதவியது.

முதல் பெரிய சண்டை தீபாவளி முடிந்து ஆறாம் நாள். மேல் மாடி பீகார் குடும்பத்தில் சத் பூஜை. அந்த அம்மா ஒன்றரை நாள் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் விரதம். சாயங்காலம் மறையும் சூரியனுக்கும் மறுநாள் விடிகாலை உதிக்கும் சூரியனுக்கும் தண்ணீரில் நின்று அர்க்கியம் விட வேண்டும். ஆற்றுக்குப் போகலாம் என்றால் தென்பெண்ணை கெலவரப்பள்ளியில் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், பெங்களூருச் சாக்கடை நுரை நுரையாக வருகிறது. அதனால் மொட்டை மாடியில் குழந்தைகள் குளிக்கும் ரப்பர் தொட்டியைக் காற்றடித்து நிரப்பினார்கள். அது நிரம்பியதில் டேங்க் காலி. எதிர் லைன் வீட்டில் பி ஷிஃப்ட் முடித்து வந்த பையன்கள் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் சோப்போடு நிற்கிறார்கள். அதில் இரண்டு பேர் ஜார்க்கண்ட், அவர்களுக்கும் அது சத் பூஜைதான்! இருந்தாலும் கத்தினார்கள். சாமி வேறு, சோப்பு வேறு.

ஓனருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. கடைசியில் பக்கத்துத் தெலுங்கு வீட்டு ரெட்டி அண்ணா தன் போரில் இருந்து ஹோஸ் பைப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் காலை தெருவில் எல்லா வீட்டுக்கும் தேக்குவா வந்தது. கோதுமை மாவு, வெல்லம், நெய் போட்டுப் பொரிப்பது. கெட்டியாக இருக்கும். ரெட்டி அண்ணா பல் செட் வைத்திருப்பவர், டீயில் நனைத்துச் சாப்பிட்டார்.

கடுகு எண்ணெய் வாசனை முதலில் மூக்கைத் துளைத்தது. இப்போது பழகிவிட்டது. அவர்களுக்கு எங்கள் வீட்டுக் கருவாடு அப்படித்தான் இருந்திருக்கும், சொல்லவில்லை.

மார்கழியில் பிதுக்கம்பருப்பு. ஓசூர், தர்மபுரி ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. உழவர் சந்தையில் அவரைக்காய் குவிந்ததும் மனைவி இரண்டு கிலோ வாங்கி, உரித்து, ராத்திரி ஊறப்போட்டாள். காலையில் பிதுக்க உட்கார்ந்தால் கை போதவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து, தோல் கையில் நிற்கும், பருப்பு பறக்கும். கீழ் வீட்டு அம்மா வந்து உட்கார்ந்தார்கள். முதல் பருப்பு டிவியில் போய் அடித்தது. அரை மணியில் என் மனைவியை விட வேகம். ஒடிசாவில் இப்படி ஒன்று இல்லையாம். அவர்கள் வீட்டில் பகாலா என்று நீராகாரம் ஊற்றிய சோறு தினமும் உண்டு, நம் பழைய சோறுதான், தாளித்து வாசனையாக இருக்கும். கோடையில் என் மகள் மதியச் சாப்பாட்டுக்கு அங்கேதான் போகிறாள்.

பாலக்கோட்டுத் தம்பி, நீ சொன்னதை யோசித்தேன். எதிர் லைன் வீட்டில் நான் முதலில் பெயர் பழகிய பையன்களில் ஒருத்தன் கூட இப்போது இல்லை. எல்லாம் புது முகம். குடும்பமாக வந்தவர்கள் நிற்கிறார்கள், கான்ட்ராக்டில் தனியாக வந்தவர்கள் தங்குவதில்லை. நான் கேம்ப்பில் இருந்தபோது அந்த ஊர்க்காரர்கள் என் பெயரைக் கேட்டுக்கொள்ளாததும் இதனால்தான் போலிருக்கிறது.

#16 சூடேஸ்வரர்மலை

பிதுக்கம்பருப்பை சும்மா குழம்பு வைத்தீர்களா, ராகி களியோடா? களி இல்லாமல் வைத்திருந்தால் அது குற்றம்.

#17 கல்லுக்காரன்

களியோடுதான் அண்ணா. பீகார் வீட்டுக்குச் சப்பாத்தியோடு கொடுத்தோம், அதை மன்னித்துவிடுங்கள்.

#18 மஸ்கட் மேகலா

நாங்களும் அடுத்த வருடம் திரும்புகிறோம், ஊத்தங்கரை. வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாம் என்ன செய்தீர்கள் அண்ணா?

#19 கோர்ட்டு வாசல்

கல்லுக்காரன் வருவதற்குள் நான் சொல்லிவிடுகிறேன். நிரந்தரமாகத் திரும்பியதும் வங்கிக்குச் சொல்லி, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். அப்படியே விட்டுவைப்பது விதிமீறல். வெளிநாட்டுப் பணமாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் ஆர்எஃப்சி கணக்கு இருக்கிறது. வருமான வரியில் ஆர்என்ஓஆர் என்று ஒரு நிலை உண்டு. நீண்ட காலம் வெளியே இருந்தவர்களுக்குத் திரும்பிய முதல் ஓரிரு ஆண்டுகள் அது கிடைக்கலாம், வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே பெரும்பாலும் வரி வராது. ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8.

ரேஷன் பற்றி ஒன்று. உங்கள் தெரு வெளிமாநிலக் குடும்பங்களிடம் சொல்லுங்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் இருந்து இருக்கிறது. அவர்கள் ஊர் கார்டு, கைரேகை போதும், நம் கடையிலேயே அவர்கள் பங்கு தானியத்தை வாங்கலாம். நம் மாநிலம் தனியாகத் தரும் பருப்பு, பாமாயில் கிடைக்காது.

#20 கல்லுக்காரன்

ரேஷன் விஷயத்தைக் கீழ் வீட்டில் சொல்லிவிட்டேன் சார். கடைக்காரர் முதலில் "அதெல்லாம் இங்க கிடையாது" என்றார். நாங்கள் நகராமல் நின்றோம். மிஷினில் விரல் வைத்ததும் ஒடிசா கார்டு வந்துவிட்டது. அவருக்கே ஆச்சரியம்.

மேகலா, ஆதாரில் பழைய மொபைல் எண் இருந்தால் ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அதை மாற்று. மற்ற எல்லாமே அந்த ஓடிபியில் நிற்கிறது.

#21 லைன்வீடு ஓனர்

கல்லுக்காரன் தம்பி, ஒரே சம்ப் என்று எழுதினாயே, லைன் வீட்டுக்குத் தனியாக ஒரு சின்டெக்ஸ் போடச் சொல்லு. நான் போட்டுவிட்டேன். டேங்கர் செலவு பாதியாகிவிட்டது, சண்டையும் நின்றது. ஓனருக்குப் புரியவில்லை என்றால் என்னிடம் பேசச் சொல்.

#22 கல்லுக்காரன்

சொன்னேன் அண்ணா. "எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போடுங்க, நான் ஃபிட்டிங் கூலி தர்றேன்" என்கிறார். ரெட்டி அண்ணா, பாய், நான், பீகார்க்காரர் தருவதாகச் சொல்லிவிட்டோம். லைன் வீட்டுப் பையன்கள், "மூணு மாசத்துல நாங்க போயிடுவோம், டேங்குக்கு எதுக்குக் காசு?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயம்தான். அவர்கள் பங்கை ஓனர் தலையில் கட்டப் பார்க்கிறேன். ஆயிரம் லிட்டர் போதுமா, இரண்டாயிரமா? எட்டு அறை, ஷிஃப்டுக்குப் பதினைந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#23 லைன்வீடு ஓனர்

இரண்டாயிரம். மூன்று லேயர் டேங்க் வாங்கு, வெயிலில் ஒற்றை லேயர் வெடித்துவிடும். ராயக்கோட்டை ரோட்டில் மொத்தக் கடையில் கேள், என் பெயரைச் சொன்னால் குறைக்க மாட்டான், சொல்லாதே.